அப்பா பெயரில் ஒரு ஆய்வுக் கட்டுரை

மேடத்தின் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று ஒரு படிவம் கேட்டது. ஒருவரின் ஆய்வுகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் குறியீடு அது. ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸில் தேடினேன், 2 என்றது. கூகுள் ஸ்காலரில் தேடினேன், 17 என்றது. இரண்டுமே தப்பு என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

வடசென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். மேடம் எங்கள் தமிழ்த்துறையில் மொழியியல் எடுப்பவர். பிறந்து வளர்ந்தது ராயபுரம். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது காசிமேட்டு மீன் ஏலத்தில் புழங்கும் பேச்சு. வகுப்பில் இலக்கணச் சுத்தமாகப் பேசிவிட்டு வருவார். நூலகத்துக்குள் கால் வைத்ததும், "இன்னா தம்பி, வேர்த்து ஊத்துது, ஃபேன் கூட போடாம குந்திக்கினு இருக்க?" என்பார்.

பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் வர இருந்தது. படிவத்தில் மூன்று கட்டங்கள்: மொத்த மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ், ஆய்வுக் கூட்டுறவுகள். "நீ லைப்ரரி சயின்ஸ் படிச்சவன்தானே, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம் இல்ல?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏப்ரல் கடைசி. கோடை விடுமுறை, நூலகத்தில் ஈ காக்கை இல்லை. அந்தப் பக்கம் காசிமேட்டிலும் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆக எனக்கும் வேலை இல்லை, விசைப்படகுகளுக்கும் வேலை இல்லை.

முதலில் அந்த 17. கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மேடத்தின் பெயரும் முதலெழுத்தும் அப்படியே உள்ள இன்னொருவர் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரைகளையும் ஸ்காலர் மேடத்தின் கணக்கில் சேர்த்துவிட்டது. புதுக் கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும்படி ஓர் அமைப்பு அதில் உண்டு. கணக்குத் தொடங்கும்போது யோசிக்காமல் அதற்குச் சரி சொல்லியிருக்கிறார்.

"மேடம், ஃப்ளோரைடு பத்தி எப்போ எழுதினீங்க?"

"மெட்ரோ வாட்டர் லாரி பின்னாடி கொடத்தத் தூக்கிக்கினு ஓடியிருக்கேன் தம்பி. எழுதினதெல்லாம் இல்ல."

இப்படிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். அமைப்புக்குள் போய், தானாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். பிறகு உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். ஒரே கட்டுரை இரண்டு மூன்று வடிவில் கிடந்தால் அவற்றைக் குறியிட்டு ஒன்றாக்கலாம். எண் கூடுதலாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால், என்றைக்காவது ஒருநாள் நேர்காணல் மேசையில் யாராவது ஃப்ளோரைடு பற்றிக் கேள்வி கேட்பார்கள்.

ஸ்கோபஸ் சொன்ன 2 வேறு கதை. அங்கே பிறத்தியார் யாரும் உள்ளே வரவில்லை. மேடம்தான் ஐந்து பேராகச் சிதறிக் கிடந்தார். ஆய்வு மாணவியாக இருந்தபோது அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்து. நடுவில் கொஞ்ச காலம் இரண்டும் சேர்த்து. பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் இதழ் அதற்கு இசட்-எச் போட்டது, இன்னொன்று எல் போட்டது. ஐந்தாவதுதான் உச்சம். ஜெர்மனியில் ஒரு கருத்தரங்குக்குப் போனபோது கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருந்தார்கள். கருத்தரங்கத் தொகுப்பில் அதுவே ஆசிரியர் பெயராகிவிட்டது. மேடத்தின் பெயர் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கிப் பின்னால் நின்றது.

மேடத்தின் அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஸ்கோபஸில் அவருக்குத் தனியாக ஓர் ஆசிரியர் எண், ஒரு கட்டுரை, ஆறு மேற்கோள், எச்-இண்டெக்ஸ் 1.

மேடம் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத என்னுதோட சேக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு தம்பி" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதை மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போனார்.

இது மேடத்துக்கு மட்டும் நேர்ந்த கோளாறு இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் செய்த அட்டவணைகள் எல்லாம் முன்பெயர், குடும்பப் பெயர் என்ற கணக்கில்தான் ஓடுகின்றன. நம் ஊரில் குடும்பப் பெயரே கிடையாது. தெலுங்கில் உண்டு, ஆனால் அங்கே வீட்டுப் பெயர்தான் முன்னால் வரும். திராவிட மொழியியலின் பெரிய ஆளான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்திக்கு பத்ரிராஜு என்பதுதான் வீட்டுப் பெயர். உலகம் அவரை அடைவில் கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரின் கீழ்தான் வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! அவர் அளவுக்குப் புகழ் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம்மைப் போன்றவர்களை யார் தேடுவது?

இதற்கு மருந்து ஆர்கிட் எண், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண். 2012இல் வந்தது, இலவசம், பதினாறு இலக்கம். அதில் "வேறு பெயர்கள்" என்று ஓர் இடம் இருக்கிறது. மேடத்தின் ஐந்து ஆங்கில வடிவங்களையும், தமிழ் எழுத்தில் பெயரையும் அதில் ஏற்றினோம். பிறகு ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் இந்த ஐந்தும் ஒருவரே என்று விண்ணப்பித்தோம். இதற்குச் சந்தா தேவையில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் ஸ்கோபஸ் சந்தா கிடையாது, ஆனாலும் வேலை நடந்தது. கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். சில வாரம் பொறுமையாக இருங்கள். ஐந்தும் ஒன்றானதும் 2 என்று நின்றது 4 ஆனது. புதிதாக ஒரு மேற்கோள்கூட வரவில்லை, ஒருவர்கூடக் கூடுதலாகப் படிக்கவில்லை. பெயரைச் சரிசெய்தோம், அவ்வளவுதான்.

இனிமேல் எழுதப்போகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டைத் தேர்ந்துகொண்டு சாகும்வரை அதிலேயே இருங்கள். பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று. கல்யாணம் ஆனாலும் கட்டுரையில் முதலெழுத்தை மாற்றாதீர்கள். ரேஷன் அட்டையில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நான் தலைகீழாகத் தொடங்கிவிட்டேன் என்று. தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அவரையே கேட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் துணிக்கடைப் பை இரண்டு. இதழ்கள், கருத்தரங்கத் தொகுப்புகள், தனிப்படிகள், ஒரு மணிவிழா மலர். தரையில் பரப்பி வைத்துக் கணக்கெடுத்தோம். மொத்தம் 34. அதில் 16 தமிழில் எழுதியவை.

தமிழில் எழுதிய பதினாறில் ஸ்கோபஸில் ஒன்றுகூட இல்லை. அது தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டுமே படிக்கும், எதிர்பார்த்ததுதான். ஆனால் கூகுள் ஸ்காலரிலும் மூன்றுதான் இருந்தன. மற்றவற்றில் பதினொன்று இணையத்தில் பிடிஎஃப்ஆகவே கிடக்கின்றன, திறந்தால் படிக்கவும் முடிகிறது. பின் ஏன் கணக்கில் வரவில்லை?

காரணம் எழுத்துரு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் அச்சகங்கள் பயன்படுத்திய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு முறை. 1999இல் டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளாகத் தரப்படுத்திப் பார்த்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்குப் பின்னும் பல இதழ்கள் பழைய எழுத்துருவை விடவில்லை. அந்தப் பக்கத்தில் நம் கண்ணுக்கு "காசிமேடு" என்று தெரியும். எந்திரத்துக்கோ பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அது எப்படித் தலைப்பைப் படிக்கும், எப்படி மேற்கோளை எண்ணும்?

சோதித்துப் பார்ப்பது எளிது. உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் நல்லது. பூச்சி பூச்சியாக விழுந்தால் அந்தக் கட்டுரை எந்திரங்களைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

பதினொரு கட்டுரைகளின் தலைப்பு, சுருக்கம், துணைநூல் பட்டியல் மூன்றையும் முதுகலை மாணவி ஒருத்தி யூனிகோடில் அடித்துத் தந்தாள். இதழாசிரியர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் கட்டுரைகளை ஸெனோடோ களஞ்சியத்தில் ஏற்றினோம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. ஒவ்வொன்றுக்கும் டிஓஐ எண் தருகிறது. கட்டுரைக்கு டிஓஐ என்பது வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. அது இல்லாத வீட்டுக்குத் தபால் வருவது தபால்காரரின் நல்ல மனதைப் பொறுத்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நம் தமிழ் ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் "மேலது, ப. 43" என்று போடும் பழக்கம். மனிதர் படித்தால் மேலே பார்த்துப் புரிந்துகொள்வார். எந்திரம் மேலே பார்க்காது. திராவிட மொழியியலுக்கே உரிய ஒரு வழக்கமும் அப்படித்தான். பரோவும் எமனோவும் செய்த திராவிட வேர்ச்சொல் அகராதியை (1961இல் முதல் பதிப்பு, 1984இல் திருத்திய பதிப்பு) எல்லாரும் கட்டுரைக்குள் "டிஇடிஆர்" என்று சுருக்கி, பதிவு எண்ணை மட்டும் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரே கட்டுரையில் நாற்பது இடத்தில் வரும். எண்ணும்போது அதிகம் போனால் ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை. அதிகம் பயன்படுவது குறைவாக எண்ணப்படும் விசித்திரம் இந்தத் துறையில் சர்வ சாதாரணம்.

சரி, எச்-இண்டெக்ஸுக்கு வருவோம். கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன கணக்கு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்து. வரிசை எண்ணைவிட மேற்கோள் எண் குறையும் இடத்தில் நிறுத்து. அதற்கு முந்தைய வரிசை எண்தான் எச்-இண்டெக்ஸ். ஸ்காலரில் சுத்தம் செய்த பிறகு மேடத்தின் ஒன்பதாவது கட்டுரைக்கு 10 மேற்கோள், பத்தாவதுக்கு 9. அங்கே நின்றோம். எச்-இண்டெக்ஸ் 9. இதைக் கணக்கிட மென்பொருள் எதுவும் வேண்டாம், பழைய கேள்வித்தாளின் பின்பக்கம் போதும்.

இந்தக் கணக்கில் மேடத்தின் முனைவர் பட்ட நூலுக்கு வந்த அநியாயத்தைப் பாருங்கள். அந்த ஒரு நூலுக்கு மட்டும் 71 மேற்கோள். எச்-இண்டெக்ஸில் அது சேர்ப்பது ஒன்றுதான். 10 மேற்கோள் வாங்கிய ஒன்பதாவது கட்டுரையும் அதே ஒன்று. கட்டுரைகளால் வாழும் இயற்பியலுக்கு இது பொருந்தலாம். வாழ்நாளில் இரண்டு நூல் எழுதி அவற்றாலேயே நிற்கும் மொழியியலாளருக்குப் பொருந்தாது. லியோ எக்ஹே 2006இல் முன்வைத்த ஜி-இண்டெக்ஸ் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் நம் படிவங்களில் அதற்குக் கட்டம் கிடையாது. ஹிர்ஷே பின்னாளில் தன் குறியீடு செய்த கெடுதலைப் பற்றி எழுதினார் என்பது வேறு விஷயம்.

நூலுக்கு ஒரு சின்ன உத்தி சொல்கிறேன். ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் நூலே பட்டியலில் இல்லாவிட்டாலும், அங்கே உள்ள கட்டுரைகள் தங்கள் துணைநூல் பட்டியலில் அந்த நூலைச் சொல்லியிருந்தால் தேடி எடுக்க வழி உண்டு. மேற்கோள் தேடல் என்று தனியாக இருக்கும். சந்தா உள்ள பல்கலைக்கழகத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அவரிடம் போய் உட்கார்ந்து தேடியதில், ஸ்காலரில் இல்லாத எட்டு மேற்கோள் கிடைத்தது. போக வர டிக்கெட் செலவுக்கு அது மோசமில்லை.

காலக் கணக்கும் இந்தத் துறைக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி, முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை வைத்துப் போடுவது. மேடம் 2006இல் எழுதிய ஒரு கட்டுரையை முதல் பத்து வருஷம் ஏறக்குறைய யாரும் தொடவில்லை. பிறகு பேச்சுத் தமிழைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் இருப்பவர்கள் அதைத் தேடி வந்தார்கள். ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே 1856இல் வெளிவந்தது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அதை இன்றும் மேற்கோள் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்படிப்பட்ட துறையில் இரண்டு ஆண்டுக் கணக்கை வைத்து என்ன செய்வது?

இதுவரை சொன்னது எல்லாம் எண்ணும் வேலை. எனக்கு ருசித்தது அடுத்துச் செய்ததுதான். மேற்கோள் காட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் இல்லை, கிடைத்த அறுபது எழுபது கட்டுரைகளில் மேடத்தின் பெயர் வரும் பத்தியை மட்டும். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, சும்மா பெயர் சொல்லிப் போனவர்கள் ஒரு பக்கம், தரவை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் ஒரு பக்கம், மறுத்தவர்கள் ஒரு பக்கம் என்று எழுதினேன். சாயங்கால நேரத்தில் தினம் ஐந்தாறு.

பெரும்பாலானவை முதல் பக்கத்தில்தான் விழுந்தன. "காண்க" என்று ஏழு பேர் பட்டியல் போட்டு அதில் மேடம் நாலாவதாக இருப்பார். தரவை உண்மையாகவே எடுத்துப் பயன்படுத்தியவை பதினான்கு. அவற்றைப் படித்தபோது அவர் செய்த வேலையின் அருமை எனக்கே முதல்முறையாகப் புரிந்தது. பத்து வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அவருடைய நூலை நான் படித்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வேடிக்கை ஒன்றும் அகப்பட்டது. "வந்துகினு", "போய்க்கினு" என்று நம் பக்கம் சொல்கிறோமே, அந்தக் "கினு" பற்றி மேடத்தின் கட்டுரை ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் "வந்துகிட்டு" என்பதும் இங்கே "வந்துகினு" என்பதும் ஒரே "கொண்டு" தேய்ந்து வந்தவை, வெளியிலிருந்து வாங்கியது அல்ல என்பதுதான் அதன் சாரம். பேஜார், நாஷ்டா எல்லாம் உருதுவிலிருந்து வந்தன, துட்டு டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, சரி. அதற்காக மெட்ராஸ் பேச்சில் இருக்கும் எல்லாமே இரவல் இல்லை என்று வாதாடியிருப்பார். ஒருவர் அந்தக் கட்டுரையைக் காட்டியே, "கினு தெலுங்கிலிருந்து வந்தது என்று இவர் நிறுவியுள்ளார்" என்று எழுதியிருந்தார்! அவரைப் பார்த்து இன்னும் இருவர் அதே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். மூவரும் கட்டுரையைத் திறந்தே பார்க்கவில்லை என்பது தெளிவு.

"படிக்காமலே என்னை ஜீனியஸ் ஆக்கிட்டானுங்க" என்று மேடம் சிரித்தார். பிறகு முதலாமவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. ஆனால் கணக்கில் அந்த மூன்றும் மூன்று வரவுதான். எண்ணுகிற எந்திரத்துக்குப் பாராட்டும் ஒன்று, திட்டும் ஒன்று, தப்பாகப் புரிந்துகொண்டதும் ஒன்று.

மூன்றாவது கட்டம், கூட்டுறவு. லைடன் பல்கலைக்கழகத்தில் செய்த விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யார் யாரோடு சேர்ந்து எழுதினார் என்பதை வட்டங்களும் கோடுகளுமாக வரைந்து காட்டும். ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து தரவை எடுத்து அதில் போட்டேன். அழகான படம் வந்தது. நடுவில் சின்னதாக மேடம், ஓரத்தில் ஒரு பெரிய கொத்து. அந்தக் கொத்து என்ன என்று பார்த்தால் ஒரே ஒரு கட்டுரை. தமிழ்ப் பேச்சுத் தரவுத் தொகுப்பு ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தது. 40 ஆசிரியர்கள், மேடம் இருபத்து மூன்றாவது. அவருடைய பங்கு, வட்டார வழக்குக் குறியீடுகளைச் சரிபார்த்தது.

அந்த ஒரு கட்டுரைக்கு 146 மேற்கோள். மேடத்தின் மொத்தமே 318தான். முழுக்கணக்கில் 146ம் அவருடையது. பங்குக் கணக்கில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். எந்தக் கணக்கை எழுதுவது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில், மேற்கோளுக்கு இல்லை, கட்டுரைக்குத் தரும் மதிப்பெண்ணைப் பிரிக்க ஒரு கணக்கு உண்டு. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கும் தொடர்புக்குரிய ஆசிரியருக்கும் 70, மற்றவர்களுக்கு 30. இரண்டு பேருக்கு 140 விழுக்காடு எப்படி வரும் என்று கணக்கு வாத்தியார் யாரும் கேட்கவில்லை போல.

நான் இரண்டையும் எழுதினேன். அந்தக் கட்டுரையோடு 318, அது இல்லாமல் 172. எச்-இண்டெக்ஸ் எப்படிப் பார்த்தாலும் 9தான், அது நகரவில்லை. இப்படிப் பிரித்துக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று மேடம் முதலில் தயங்கினார். கேட்பவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நாமே சொல்லிவிடுவது நல்லது என்றேன். அது சரியாகத்தான் போனது.

வரைபட மென்பொருளைப் பற்றி என் கருத்து: ஒரு துறையை, ஒரு பல்கலைக்கழகத்தை வரைய அது நன்றாக இருக்கும். 34 கட்டுரை எழுதிய ஒருவருக்கு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். நானும் கடைசியில் பென்சிலில்தான் வரைந்தேன். அப்போதுதான் மேடம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "ஆயா எங்க?"

ஆயா என்பது காசிமேட்டில் கூடை வைத்து வஞ்சிரமும் சங்கராவும் விற்ற ஒரு மூதாட்டி. மேடத்தின் ஆய்வுக்குப் பல மணி நேரம் பேசி ஒலிப்பதிவு கொடுத்தவர். ஏலத்தில் விலை ஏறும்போது சொல் எப்படிச் சுருங்குகிறது, வாடிக்கைக்காரரிடம் எப்படி நீள்கிறது என்று விளக்கிச் சொன்னதும் அவர்தான். பதினான்கு பேர் எடுத்துப் பயன்படுத்திய தரவில் பாதி அவருடைய வாயிலிருந்து வந்தது. படத்தில் அவருக்கு வட்டம் இல்லை. நூலின் நன்றியுரையில் "தகவலாளர்கள் அனைவருக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

உலகத்தில் மற்றவர்களும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மொழியியல் தரவையும் நூலைப் போலவே மேற்கோள் காட்டவேண்டும் என்று 2018இல் ஆஸ்டின் கொள்கைகள் என ஓர் ஆவணம் வந்தது. எப்படிக் காட்டுவது என்று 2019இல் துரோம்சோ பரிந்துரைகள் வந்தன. ஒலிப்பதிவு, சொற்பட்டியல், எழுத்துப்பெயர்ப்பு எல்லாவற்றையும் களஞ்சியத்தில் வைத்து, யார் பேசினார், யார் பதிந்தார், யார் எழுதினார் என்று பெயரோடு பதியலாம். அதை யாராவது பயன்படுத்தினால் அந்தப் பெயர்கள் மேற்கோளில் வரும். செய்வதற்கு முன்னால் பேசியவரின் சம்மதம் வேண்டும். பெயரைப் போடவும் வேண்டும், போடாமல் இருக்கவும் அவருக்கு உரிமை வேண்டும்.

அறிக்கையை ஒரு பக்கத்தில் முடித்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று போட்டேன். அந்த இரண்டும் இல்லாத மேற்கோள் எண்ணுக்கு நான் மதிப்பே தரமாட்டேன். கீழே, தரவை எடுத்துப் பயன்படுத்திய பதினான்கில் முக்கியமான மூன்றைப் பற்றி இரண்டிரண்டு வரி. வட்டார ஆய்வை அதற்குரிய அளவுகோலால் மதிப்பிடவேண்டும் என்று, ஆய்வை எண்களால் மதிப்பிடுவதற்கு வழிகாட்ட 2015இல் வந்த லைடன் அறிக்கை சொல்வதையும் ஓர் ஓரத்தில் சேர்த்தேன். நேர்காணல் இருபது நிமிஷம் நடந்ததாம். வெளியிலிருந்து வந்த நிபுணர் மேற்கோள் எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் "கினு" பற்றியே கேட்டாராம்.

ஜூன் முதல் வாரம், தடைக்காலம் முடிவதற்குள் ஆயாவைப் பார்க்கப் போனோம். கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்தார்கள். ஆயா இப்போது வியாபாரத்துக்குப் போவதில்லை. பேரனின் வலைக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தார். மேடம் விவரத்தைச் சொன்னார். பழைய ஒலிப்பதிவை எல்லாரும் கேட்கும்படி வைக்கப்போகிறோம், உன் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா?

"எம் பேச்சப் புட்ச்சிக்கினு போய் இத்தினி வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்றார் ஆயா. பிறகு, "துட்டு வருமா?"

"துட்டு வராது ஆயா. பேர் வரும்."

"அப்ப பேரயாவது ஒய்ங்கா போடு. இனிசியல் எங்க நைனாது போடு. அந்த ஆளோடது வாணாம்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் நூலகத்தில் களஞ்சியத்தின் படிவத்தைத் திறந்தோம். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், முன்பெயருக்கு ஒரு கட்டம். நான் மேடத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஆயாவின் பெயரையும் அடுத்ததில் அவர் நைனாவின் முதலெழுத்தையும் அடிக்கச் சொன்னார். முதல் ஆசிரியர் ஆயா. அதற்குக் கீழே இரண்டாவதாக மேடத்தின் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு அடித்தேன்.